‘வெல்லலாம்’ என்ற சொல்லுக்கு என்ன விலை?

இந்தியாவில் மிகவும் உன்னிப்பாகப் படிக்கப்படும் அச்சுப் பிரதி எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் ரேஸ் புத்தகம் என்று சொல்வேன். மகாலட்சுமியில் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பை மேற்கு ரயில்வே லோக்கல் வண்டியில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் நீளவாக்கில் மடித்த புத்தகம். காதில் பென்சில். தாதரில் ஏறுகிறவர் காலை மிதித்தாலும் கண் பக்கத்தை விட்டு அகலாது. தமிழில் முதுகலை படித்தவன் என்ற முறையில், நம் உரையாசிரியர்களுக்குக்கூட இப்படிப்பட்ட வாசகர்கள் வாய்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தப் புத்தகம் கொடுத்த காசுக்குத் தகுமா? கேள்வி சின்னதுதான். ஆனால் என் குடும்பத்தில் ஒருவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாரா வாரம் இந்தக் கேள்விக்குத் ‘தகும்’ என்று காசு கொடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பருவம் முழுக்க இந்தப் புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருக்கிறேன். பந்தயம் கட்டியதில்லை. எனவே தோற்றவரின் கோபமோ ஜெயித்தவரின் மிதப்போ இல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

ரேஸ் புத்தகத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். அன்று ஓடவிருக்கும் ஏழெட்டுப் பந்தயங்களின் விவரம் அதில் இருக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் பத்துப் பன்னிரண்டு குதிரைகள். ஒவ்வொரு குதிரைக்கும் தாய் தந்தை பெயர், வயது, நிறம், சொந்தக்காரர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கப்போகும் எடை, புறப்படும் கதவின் எண். அதன் கீழே பொடி எழுத்தில் முந்தைய ஓட்டங்கள்: எந்தத் தேதி, எத்தனை மீட்டர், எத்தனை கிலோ, எத்தனையாவது இடம், முதலில் வந்த குதிரைக்கு எத்தனை நீளம் பின்னால். ஒரு ‘நீளம்’ என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரை. அதற்கும் குறைவாகப் பின்தங்கினால் கழுத்து, தலை, மூக்கு என்று அளவு இறங்கிக்கொண்டே வரும். கண்பட்டி மாட்டி ஓடியதா, மாட்டாமல் ஓடியதா, அன்று தரை இறுகியிருந்ததா, இளகியிருந்ததா என்பதும் இருக்கும். விடியற்காலையில் குதிரைகள் பயிற்சிக்கு ஓடும்போது வேலியோரம் ஸ்டாப்வாட்சுடன் நின்று குறித்த நேரங்களும் இருக்கும். கடைசியில் கணிப்பு. யார் முதலில் வருவார், யார் இரண்டாவது, யார் மூன்றாவது, அன்றைய தினத்தின் ‘நிச்சயக் குதிரை’ எது.

இலக்கணம் படித்தவன் கண்ணுக்கு இந்தப் புத்தகம் இரண்டு துண்டாகத் தெரிகிறது. முக்கால் பங்கு இறந்த காலம். ஓடியது, சுமந்தது, பின்தங்கியது. மீதிக் கால் பங்கு எதிர்காலம். இரண்டும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கால் பங்குக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

2009-ல் பெங்களூரில் ஓர் அச்சக உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அல்சூர், சிவாஜிநகர்த் தமிழர்களும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்களும் ஆங்கில ரேஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். தமிழில் போட்டால் விற்கும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தவர் லாயங்களைச் சுற்றியே நாற்பது ஆண்டுகள் கழித்த ஒரு பெரியவர். வியாழக்கிழமை மாலை அவர் தாள்கள் வரும். வெள்ளி காலைக்குள் நான் தமிழாக்கித் தர வேண்டும்.

எண்களில் பிரச்சினை இல்லை. பயிற்சி ஓட்டத்தைப் பற்றிய குறிப்புகளும் சுவையானவை. ‘எட்டெடுத்து ஓடியது’, ‘அடக்கிப் பிடித்தும் வேகம் குறையவில்லை’, ‘தள்ளித்தான் ஓட்ட வேண்டியிருந்தது’ என்று பழகிய நாட்டுத் தமிழிலேயே எழுத முடிந்தது. கணிப்புப் பக்கத்துக்கு வந்ததும் தகராறு ஆரம்பமானது. பெரியவர் எந்தக் குதிரையைப் பற்றியும் முடிவாக ஒரு வினைமுற்றுக் கொடுப்பதில்லை. முதல் குதிரை ‘வெல்லலாம்’. இரண்டாவது ‘நெருக்கடி தரலாம்’. மூன்றாவது ‘அதிர்ச்சி அளிக்கலாம்’. நான்காவதை ‘ஒதுக்கிவிட முடியாது’. ஒன்பது குதிரைகள் ஓடும் பந்தயத்தில் நான்குக்கு இப்படிப் பாதுகாப்பு கொடுத்தாகிவிட்டது. முடிவு எப்படி வந்தாலும் பெரியவர் பொய்யர் ஆகமாட்டார்.

அச்சக உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை.

“சார், ‘வெல்லலாம்’னு போட்டா எவன் காசு குடுத்து வாங்குவான்? ‘வெல்லும்’னு போடுங்க” என்றார்.

பெரியவரிடம் கேட்டேன். “‘வெல்லும்’னு நான் எழுதலையே தம்பி. எழுதவும் மாட்டேன்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “நான் கட்டறதும் இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் தன் மிட்டாயைத் தின்ன ஆரம்பிச்சா கடை நிக்குமா?” என்றார்.

நான் ‘லாம்’ என்றே போட்டேன். அந்தப் பருவத்தோடு தமிழ்ப் பதிப்பு நின்றுபோனது. ஆனால் அந்த ‘லாம்’ என் மனதில் தங்கிவிட்டது. பெரியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஓர் எழுத்துகூட அவர் சொல்லவில்லை. ‘லாம்’ என்பதை ‘ம்’ என்று படித்துக்கொண்டு கவுண்டருக்குப் போனது வாசகர்தான்.

இதற்குச் சட்டத்தின் பக்கம் ஒரு பதில் இருக்கிறது என்று ரேஸ்காரர்கள் சொல்வார்கள். தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1986-ல் சென்னை ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு டெல்லி வரை போய், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையை நம்பிய விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் இல்லை. குதிரையின் பிறப்பு, பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் கைத்திறன் எல்லாவற்றையும் படித்து எடைபோட முடியும் என்பது அதன் அடிப்படை. கொஞ்சம் யோசித்தால், அந்தத் தீர்ப்புக்கு ரேஸ் புத்தகம்தான் முதல் சாட்சி. படிக்க எதுவுமே இல்லையென்றால் திறமைக்கு என்ன வேலை?

படித்தவர்கள் படிக்காதவர்களைவிட நன்றாகக் கணிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நன்றாகக் கணிப்பது வேறு, அதில் பணம் பண்ணுவது வேறு. இந்த வித்தியாசம் டோட்டலைசேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும்.

‘டோட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே பானையில் விழுகிறது. கிளப்பின் கமிஷனும் அரசின் வரியும் முதலில் எடுக்கப்படும். மீதியை ஜெயித்த குதிரையின் மேல் கட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதாவது உங்கள் எதிரி அந்தக் குதிரை இல்லை. கவுண்டர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிற ஆள். அவர் கையிலும் அதே புத்தகம்தான் இருக்கிறது. புத்தகம் ஒரு குதிரையை முதலில் போட்டால், அவரும் கட்டுவார், நீங்களும் கட்டுவீர்கள், உங்களுக்குப் பின்னால் நிற்பவரும் கட்டுவார். குதிரை ஜெயிக்கும், பங்கு போட ஆள் அதிகம் என்பதால் கைக்கு வருவது சொற்பமாக இருக்கும். புக்கியிடம் போனாலும் இதே கதைதான். அவர்களும் புத்தகம் படிப்பவர்கள்தான். பணம் எந்தக் குதிரையின் பக்கம் சாய்கிறதோ, அதன் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. ஸ்டீபன் ஃபிக்லவ்ஸ்கி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், நியூயார்க் பந்தயங்களுக்கு அச்சில் வெளியான கணிப்புகளை எடுத்துக்கொண்டு 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார். கணிப்புகளில் விஷயம் இருந்தது. ஆனால் அந்த விஷயம் மைதானத்தில் கட்டப்பட்ட பணத்தில், அதாவது குதிரையின் விலையில், ஏறக்குறைய முழுவதுமாக முன்கூட்டியே கலந்துவிட்டிருந்தது. எல்லோரும் காசு கொடுத்து வாங்கிய ரகசியத்தில் லாபம் மிச்சமிருக்காது என்பதுதான் இதன் சாரம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம் நாட்டில் நடக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை ‘ஹேண்டிகேப்’ வகை. கிளப்பின் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் படித்து மதிப்பெண் போடுவார். நல்ல குதிரைக்கு அதிக எடை, நோஞ்சானுக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பது அவருடைய லட்சியம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அட்மிரல் ரூஸ் என்ற கடற்படை அதிகாரி இந்த வேலையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். குறைந்த தூரப் பந்தயத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஒரு நீளத்துக்குச் சமம் என்பது இந்தத் தொழிலில் வழங்கிவரும் கணக்கு. போன முறை இரண்டு நீளத்தில் ஜெயித்த குதிரையின் முதுகில் இந்த முறை மூன்று கிலோ ஏறினால், அந்த இரண்டு நீளம் காகிதத்தில் காணாமல் போய்விடுகிறது. ரேஸ் புத்தகம் எழுதுகிறவர் எந்த விவரங்களை வைத்துக் கணிக்கிறாரோ, அதே விவரங்களை வைத்து அந்த வித்தியாசத்தைச் சமன் செய்வதற்காகவே சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரி அவருக்கு முன்பே வேலையை முடித்துவிட்டார்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். உலகத்தின் பெரும்பாலான மைதானங்களில் மக்கள் அதிகம் பணம் கட்டும் குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தை ஜெயிக்கிறது. புத்தகம் முதலில் போடும் குதிரையும் பெரும்பாலும் அதுதான். நீங்கள் நான்கு நாட்களில் 30 பந்தயங்களில் தலா 100 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய். பத்தில் ஜெயிக்கிறீர்கள். மூன்றில் ஒன்று என்பது எந்தக் கணிப்பாளரும் வெட்கப்பட வேண்டாத கணக்கு. ஒவ்வொரு வெற்றிக்கும் 220 ரூபாய் வந்தால் கையில் 2,200. நஷ்டம் 800. புத்தகம் 50 ரூபாய் என்று வைத்தால் நான்கு நாளைக்கு 200.

இதற்கு மேல் வரி. 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்டது. லாபத்தின் மீது போடுகிற வரி இல்லை இது. கட்டுகிற பந்தயத்தின் முழு மதிப்பின் மீது போடுகிற வரி. அதை மேலே சேர்த்துக் கட்டுவதாகக் கணக்கிட்டால் 3,000 ரூபாய்க்கு 1,200. ஆக மொத்தம் 4,400 ரூபாய் செலவழித்து 2,200 ரூபாய் சம்பாதித்திருக்கிறீர்கள். இந்த நபர் கைக்குக் கை சரியாக வரவே ஒவ்வொரு வெற்றிக்கும் 440 ரூபாய் கிடைக்க வேண்டும். ஃபேவரிட் அப்படிக் கொடுப்பது அபூர்வம். இந்தக் கணக்கில் புத்தகத்தின் விலை கண்ணுக்கே தெரியாத தொகை என்பதைக் கவனியுங்கள். 200 ரூபாயை மிச்சம் பிடித்து எந்தப் பயனும் இல்லை. அந்த 200 ரூபாய் மிச்சம் 4,200 ரூபாயை எப்படி வெளியே இழுத்தது என்பதுதான் கேள்வி.

‘அப்படியானால் யாருமே ஜெயிப்பதில்லையா?’ என்று கேட்கலாம். ஜெயித்தவர்கள் உண்டு. ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தார். அவரே 1994-ல் தன் முறையைப் பற்றி எழுதியபோது ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். குதிரைகளின் விவரங்களை மட்டும் வைத்துக் கணித்தால் போதாது. பொதுமக்கள் கட்டிய பணம் காட்டும் விலையையும் அதோடு சேர்த்த பிறகுதான் அவர் கணிப்பு பலித்தது. ஊரின் கூட்டுப் புத்தியை மதித்து, அது எங்கே சறுக்குகிறது என்று தேடுவதுதான் அவர் செய்த காரியம். ஆண்ட்ரூ பேயர் என்ற வாஷிங்டன் பத்திரிகையாளர் பந்தய நேரத்தையும் அன்றைய தரையின் தன்மையையும் சேர்த்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண் கண்டுபிடித்தார். 1970-களில் அது ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்த ஆயுதம். 1992-ல் அந்த எண், 1894 முதல் வெளிவரும் ‘டெய்லி ரேசிங் ஃபார்ம்’ பத்திரிகையில் அச்சாகத் தொடங்கியது. அன்று முதல் அது எல்லோர் கையிலும் இருக்கும் ஆயுதம். எல்லோரும் வாள் வைத்திருக்கும் ஊரில் வாளால் யாருக்கும் அனுகூலம் கிடையாது.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் ஒருவர் முப்பது ஆண்டுகள் புத்தகம் வாங்குவாரா? என் சித்தப்பா வாங்கினார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் போய், கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். மாட்டுங்காவில் ஓர் அறை வீடு. பள்ளி விடுமுறைக்கு நான் போகும்போது வெள்ளிக்கிழமை இரவு அவர் புத்தகத்தோடு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். பென்சிலைச் சீவிக்கொண்டு, ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவார். “இது போன தடவை 56 கிலோ. இப்போ 53. தூரமும் கம்மி. இத எவனும் பாக்கல பாரு” என்று எனக்குக் காட்டுவார். பல சமயம் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. சித்தப்பா முட்டாள் இல்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

2004-ல் அவர் காலமான பிறகு, டிரங்குப் பெட்டியில் அவருடைய கணக்கு நோட்டுகளைப் பார்த்தேன். குமாஸ்தா கை, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அரிசி, பால், பள்ளிக் கட்டணம், ரயில் பாஸ். ‘பத்திரிகை’ என்ற தலைப்பின் கீழ் நாளிதழ், சித்தி படிக்கும் வாரப் பத்திரிகை, ரேஸ் புத்தகம் என்று மூன்று வரிகள். புத்தகத்தின் விலை பைசா சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. பந்தயத்தில் போன பணம் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாதக் கடைசியில் ‘கைச்செலவு’ என்று ஒரே தொகை. மகாலட்சுமியில் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தத் தொகை வீங்கும். மே, ஜூனில் வற்றும். டோம்பிவிலியில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று இரண்டு முறை குறித்து வைத்திருக்கிறார். இரண்டு குறிப்பும் ஜனவரி மாதத்தில். கட்டவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதே ஓர் அறை வீடுதான்.

சித்தியிடம் ஒருநாள் கேட்டேன், இந்தப் புத்தகத்துக்காக நீங்கள் சண்டை போட்டதுண்டா என்று. அவர் சொன்ன பதில் இது:

“புத்தகம் பத்து ரூபா. அதுக்கு எதுக்குய்யா சண்டை போடுதது? ஆனா ஒண்ணு கவனிச்சேன். புத்தகம் கெடைக்காத வாரம் இருபது முப்பது ரூபாயோட போவாக. படிச்சிட்டுப் போற வாரம் சம்பளக் கவரோட போவாக.”

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு விஷயத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, சித்தி சொன்னதை ஓர் அமெரிக்க உளவியல் அறிஞர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. பால் ஸ்லோவிக் 1973-ல் அனுபவம் மிக்க எட்டுக் கணிப்பாளர்களை உட்கார வைத்தார். பழைய பந்தயங்களின் விவரங்களைக் குதிரைப் பெயர் இல்லாமல் கொடுத்தார். முதலில் ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் 5 விவரம். பிறகு 10, 20, 40. ஒவ்வொரு கட்டத்திலும் யார் ஜெயிப்பார், எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். 5 விவரத்தோடு எவ்வளவு சரியாகச் சொன்னார்களோ, 40 விவரத்தோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய நம்பிக்கை மட்டும் விவரம் கூடக்கூட ஏறிக்கொண்டே போனது.

ரேஸ் புத்தகத்தின் உண்மையான விலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. அட்டையில் போட்டிருக்கும் ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. படித்து முடித்த பிறகு நமக்குள் ஏறும் நிச்சயத்துக்குத்தான் விலை அதிகம். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் உழைத்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை இருபது ரூபாய் கட்டிவிட்டு வர மாட்டார். உழைப்புக்கு மரியாதை வேண்டாமா?

அப்படியானால் வாங்கவே கூடாதா? அதுவும் சரியில்லை. இறந்த காலப் பக்கங்களில் சரக்கு இருக்கிறது. 1,200 மீட்டரில் மூச்சு வாங்கிய குதிரையை 2,000 மீட்டரில் ஏன் ஓட விடுகிறார்கள், ஆறு மாதம் லாயத்தில் நின்ற குதிரை இன்று ஏன் வருகிறது, முன்னணி ஜாக்கி ஒருவர் ஃபேவரிட்டை விட்டுவிட்டு இதில் ஏன் ஏறுகிறார் என்ற கேள்விகளை அவை கிளப்பும். கேள்விகளோடு பார்க்கிற பந்தயமும் கேள்வி இல்லாமல் பார்க்கிற பந்தயமும் ஒன்றில்லை. புத்தகம் வைத்திருப்பவரை, வாசலில் தோளில் கைபோட்டு ‘உள்ளே இருந்து வந்த தகவல் அண்ணே’ என்று கிசுகிசுக்கிற ஆசாமி அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு செல்போனில் டிப்ஸ் அனுப்புகிறவர்களும் அந்த ஆசாமியின் வாரிசுகள்தான்.

எந்தப் பந்தயத்தில் கட்டக்கூடாது என்பதையும் புத்தகம் நன்றாகவே சொல்லும். இதுவரை ஓடியே இராத இளங்குதிரைகள் இறங்கும் பந்தயத்தைப் பாருங்கள். அங்கே இறந்த காலமே கிடையாது. தாய் தந்தை பெயரும் விடியற்காலை நேரக்குறிப்பும் மட்டும் இருக்கும். பயிற்சியில் ஏறியவர் எத்தனை கிலோ, எவ்வளவு அடக்கிப் பிடித்தார் என்பது நேரக்குறிப்பில் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்திலும் மூன்று ‘லாம்’ தவறாமல் இருக்கும். எந்த ஆதாரமும் இல்லாத இடத்திலும் அதே குரலில் பேசுகிற பகுதியை மற்ற இடங்களில் எவ்வளவு நம்புவது என்று வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் புத்தகத்துக்கான இடம் சுருங்கிவிட்டது. குத்தகைப் பிரச்சினையில் 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தையும், செப்டம்பரில் கிண்டி மைதானத்தையும் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. ஆனால் மும்பை, புனே, பெங்களூர், மைசூர், ஹைதராபாத், கொல்கத்தா என்று எங்கே குதிரை ஓடினாலும் கூட்டத்தில் மடித்த புத்தகத்தோடு நாலு தமிழர்கள் இருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். புத்தகம் வாங்குங்கள். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால், அன்று இழந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற தொகையைத் தனியாக ஒரு சட்டைப் பையில் எடுத்து வைத்துவிடுங்கள். படித்து முடித்த பிறகு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் அதில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். திரும்பி வந்து கணக்கு நோட்டில் இரண்டையும் எழுதுங்கள்: புத்தகத்துக்கு இவ்வளவு, பந்தயத்துக்கு இவ்வளவு. இரண்டாவது வரியையும் எழுதக் கை வருகிறவரைக்கும் முதல் வரியில் உள்ள செலவு தகும்.